புழுப்பெட்டியில் வைத்த படையல்

அன்னம்மாள் இருபத்தாறு வருடம் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைத்தவள். ஷிஃப்டுக்கு நானூறு சாப்பாடு. போதும் என்று யாராவது தட்டின் மேல் கையை விரித்தால், விரல் இடுக்கில் குழம்பை ஊற்றிவிடுவாள்.

வேலையை விட்டு ஈஜிபுரா வாடகை வீட்டிலேயே முடங்கிய பிறகு சமைத்துப் போட ஒருத்திதான் மிச்சம், மகள் சௌம்யா. டப்பா கட்டிக் கொடுத்தால் காலை ஏழு மணிக்கே அன்றைய வேலை தீர்ந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் காய்கறிக் கழிவை உரமாக்க யாரோ இரண்டு கைப்பிடி மண்புழு கொடுத்தார்கள். தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் சௌம்யா, நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் ஆறு மில்லிமீட்டர் துளைகள் போட்டு, தென்னை நார் நிரப்பிப் பால்கனியில் வைத்தாள்.

முதல் மாதமே அன்னம்மாள் அள்ளி அள்ளிப் போட்டுப் பாதிப் புழுக்களைக் கொன்றாள். அப்புறம் கற்றுக்கொண்டாள். போட்டது கரைந்தால்தான் அடுத்தது. உப்பு, புளி, எண்ணெய் கூடாது. வாழ்நாளில் அவள் கையை இழுத்துப் பிடித்தது இந்தப் புழுக்களிடம் மட்டும்தான்.

போன மாதம் அவளுக்கு மூளையில் ரத்தக் கசிவு. இரண்டே நாளில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் சௌம்யா படையல் இலையோடு மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் நின்றாள். காக்கை வரவில்லை.

"பசுவுக்குப் போடேன்" என்றாள் கீழ்வீட்டுக் கன்னடக்காரி மமதா. அன்னம்மாளுக்கு இருபது வருடச் சிநேகிதி.

"அம்மா கையால கடைசியா தின்னது புழுங்கதான்க்கா."

காரக்குழம்புச் சோறு, வடை, அப்பளம் எல்லாவற்றையும் இலையோடு தொட்டியில் கவிழ்த்தாள். கூடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

மறுநாள் காலை மூடியின் உட்புறம் முழுக்கப் புழுக்கள். சில துளை வழியே இறங்கித் தரையில் காய்ந்து கிடந்தன. நாற்றம் படியேறி வந்த மமதாவை வாசலிலேயே நிறுத்தியது.

"என்னடி இது, மீன் மார்க்கெட்டா?"

"கொன்னுட்டேன்க்கா. அம்மா வச்சுட்டுப் போனதையும் கொன்னுட்டேன்."

"சும்மா இரு. உங்கம்மா இதைவிட மோசமாக் கொன்னவ. எதை எடுக்கணும், சொல்லு."

சோறு, வடை, அவற்றைச் சுற்றியிருந்த புளித்த நார் எல்லாவற்றையும் அள்ளி எறிந்தார்கள். கிழித்த அட்டை, புது நார், பொடித்த முட்டை ஓடு சேர்த்தார்கள். வெளிச்சத்துக்குப் பயந்து புழுக்கள் உள்ளேயே இருக்கட்டும் என்று பால்கனி விளக்கைச் சௌம்யா அணைக்காமல் விட்டாள். அதன் பிறகு செய்ய வேண்டியது, எதுவும் போடாமல் இருப்பது.

அதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் வாழைப்பழத் தோலோடு தொட்டி பக்கம் போனவளை மமதா பார்த்துவிட்டாள்.

"அப்படியே அம்மா புத்தி. ஸ்வல்ப பொறுடி. வயிறு கெட்டவனுக்கு யாராவது விருந்து வைப்பாங்களா?"

சௌம்யா தோலைக் குப்பையில் போட்டாள். வேலையில் ஒரு எந்திர பாகத்தை இரண்டு முறை தவறாக அளந்தாள். தினமும் மூடியைத் தூக்கி நாற்றம் குறைகிறதா என்று மட்டும் பார்த்தாள். கிளறவில்லை. கிளறினால் என்ன தெரியுமோ என்ற பயம்.

எட்டாம் நாள் சௌசௌத் தோல் ஒரு பிடி வைத்து, மேலே நாரைப் போர்த்தினாள். இரண்டு நாள் விட்டு விலக்கினாள்.

தோலின் அடியில் புழுக்கள் கொத்தாகச் சுருண்டு கிடந்தன. வெளிச்சம் பட்டதும் நெளிந்து உள்ளே இறங்கின. பக்கத்தில் வெள்ளை நூல் போலக் குஞ்சுகள். எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டாள்.

"மமதாக்கா, மேல வாங்க."

மமதா மூச்சிரைக்க வந்து எட்டிப் பார்த்தாள். "அடேயப்பா, குடும்பமே இருக்கே. பாவம், இன்னும் ஒரு பிடி போடேன்."

"வேணாம்க்கா. இது தீரட்டும்."

மமதா அவள் முதுகைத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள். சௌம்யா மூடியைப் பொருத்தினாள். பால்கனித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா போன பிறகு நெஞ்சு அடைக்காமல் அழுதது அன்றுதான்.