ரத்னம்மா கொல்லை வழியாக வந்த கரண்ட்

புத்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில் அப்பாவு ஓட்டலின் முகப்பில் தங்கவேலு பஞ்சர் கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாலு தகரம், காற்றடிக்கிற மெஷின், டியூபை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி. இடத்தைக் கொடுத்தது ஓட்டல்காரர் அப்பாவு. எழுத்து எதுவும் கிடையாது. "நீ இங்கியே இருடா, வண்டி நின்னா ஆளு துன்ன வருவான்" என்றார், அவ்வளவுதான். அவர் காலமான பிறகு மகன் ஸ்ரீஹரி கல்லாவில் உட்கார்ந்தான். தங்கவேலுவை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

போன வருஷம் மார்கழியில் ஒருநாள் ஸ்ரீஹரியே கடைக்கு வந்து டயர் மேல் உட்கார்ந்தான். ஓட்டல் முன்னால் எலெக்ட்ரிக் காருக்குச் சார்ஜ் போடுகிற மெஷின் இரண்டு வைக்கப் போவதாகச் சொன்னான். மெஷினைச் சென்னைக் கம்பெனி வைக்கும், இடம் இவனுடையது. ஆனால் அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பின்பக்கம் போகிற பெரிய லைனிலிருந்து கம்பி இழுக்க வேண்டுமென்றால், நடுவில் இருப்பது ரத்னம்மாவின் கொல்லை.

"கேட்டேன் அண்ணா. முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."

ரத்னம்மா தங்கவேலுவுக்குச் சின்னம்மா. ஆயுசெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்த அந்த முக்கால் ஏக்கர் கொல்லையில் பதினோரு மாமரம் வைத்திருந்தாள். கம்பி போனால் அதில் இரண்டை வெட்ட வேண்டும், இரண்டும் நன்றாகக் காய்க்கிற மரங்கள்.

"எனுக்கு இதுல இன்னா தம்பி?" என்று தங்கவேலு சிரித்துக்கொண்டே கேட்டான்.

"மெஷின பாத்துக்கப் போறதே நீதான். வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் வேணாமா? கார் வந்து முக்கா மணி நேரம் நிக்கும். காத்து, பஞ்சர் எல்லாம் உன்கிட்டதான வரும்."

தங்கவேலு மூன்று தடவை சின்னம்மா வீட்டுக்கு நடந்தான். மூன்றாம் தடவை அவள் மனசு இறங்கியது. சம்மதக் கடிதம் தெலுங்கில் இருந்தது. அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். கையெழுத்து இடம் மாறிப் போகாமல் இருக்க, அவள் விரலைப் பிடித்துக் காட்டியவன் அவன்தான். பொங்கல் கழித்து மரம் வெட்டிய அன்று அவள் வெளியே வரவில்லை. அவன் மட்டும் நின்று கிளைகளை ஓரமாக இழுத்துப் போட்டான். அடுத்த மாதம் திருப்பதிக்குப் போய், இப்படி மெஷின் வைத்திருக்கும் ஒரு லாட்ஜில் இரண்டு நாள் நின்று, வயரைக் காரில் எப்படிச் சொருகுவது, அவசரத்துக்குச் சிவப்புப் பொத்தானை எப்போது அமுக்குவது என்றெல்லாம் கற்றுக்கொண்டு வந்தான். ஐம்பத்து மூன்று வயதில் புது வேலை கற்றதில் அவனுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

பங்குனியில் கம்பெனியிலிருந்து நளினி என்ற இஞ்சினியர் பெண் சுண்ணாம்புப் பொடியோடு வந்தாள். கார் நிற்கிற இடத்துக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தவள் தண்ணீர்த் தொட்டியருகே நின்றாள்.

"ஐயா, இன்னும் காலி பண்ணலியா? மார்ச்சுக்குள்ள எடுத்துடுவாங்கன்னு ஓட்டல் சார் சொன்னாரே."

"எத எடுக்கணும்?"

அவளுக்கு முகம் மாறிவிட்டது. அவன் கேட்டுக்கொண்டே இருந்ததால், கையிலிருந்த வரைபடத்தை விரித்துக் காட்டினாள். இரண்டு மெஷினும் நான்கு காரும் வரைந்திருந்தது. கடை இருந்த இடத்தில் ஒரு கட்டம், அதன்மேல் குறுக்குக் கோடு. 'இருக்கும் கொட்டகை, அகற்றப்பட வேண்டியது' என்று எழுதியிருப்பதாகத் தயங்கித் தயங்கிப் படித்தாள். ஓரத்தில் ஸ்ரீஹரியின் கையெழுத்து. அதன் கீழிருந்த தேதியை அவனே படித்தான். ஆகஸ்ட் மாதம். ஸ்ரீஹரி டயர் மேல் வந்து உட்கார்ந்ததற்கு நாலு மாதம் முன்னால்.

தங்கவேலு கையைத் துடைத்துக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போனான். ஸ்ரீஹரி அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணா."

"எப்போ?"

 ஸ்ரீஹரி தாழ்ந்த குரலில், பொய்யில்லாமல்தான் சொன்னான்: "மொதல்லயே சொல்லியிருந்தா நீ ரத்னம்மாகிட்ட போயிருப்பியா?"

"மெஷின பாத்துக்கற வேல?"

"அதுக்கு ஆளே வேணாமாம். எல்லாம் போன்லயே நடக்குமாம்."

"அதுவும் அப்பவே தெரியுமா?"

ஸ்ரீஹரி கல்லாவிலிருந்த சில்லறையை அடுக்க ஆரம்பித்தான். தங்கவேலுவுக்குக் கோபம் வரவில்லை. 

"ஒண்ணு மட்டும் பண்ணு. சின்னம்மா வூட்டுக்கு வந்து இத நீயே சொல்லு."

"பந்தி போற நேரம் அண்ணா. அப்பறம் பாக்கலாம்."

அந்த 'அப்பறம்' வரவே இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தங்கவேலு தனியாகவே போனான். ரத்னம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"அவன் உன்ன ஏமாத்திட்டான். சரி. நீ எனுக்கு இன்னா பண்ண?"

"எனுக்குத் தெரியாது சின்னம்மா."

"தெரிஞ்சிக்காம ஏன்டா வெரலப் புடிச்ச? நான் கரண்டுக்காக் குடுத்தேன்? அந்த ஓட்டல்காரனுக்காக் குடுத்தேன்? உன் மூஞ்சிக்குக் குடுத்தேன்."

அதற்குமேல் அவள் அவனோடு பேசவில்லை. தங்கவேலு மறுநாளே யாரும் சொல்லாமல் தகரங்களைக் கழற்றினான். ஒரு கிலோமீட்டர் தள்ளி, வளைவில் இருந்த ஒரு புளிய மரத்தடியில் கடையைப் போட்டான்.

சித்திரையில் திறப்பு விழா. மெஷினுக்கு மாலை, ஓட்டலில் எல்லோருக்கும் கேசரி. ஸ்ரீஹரி ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். போக வேண்டாம் என்றாள் மனைவி காஞ்சனா. அவன் போனான். ஸ்ரீஹரி மைக்கில், "நம்ம தங்கவேலு அண்ணா இல்லன்னா இது நடந்தே இருக்காது" என்று சொல்லிச் சால்வை போர்த்தினான். கை தட்டினார்கள்.

தங்கவேலு மைக்கைக் கேட்டு வாங்கினான். வாழ்நாளில் அதைப் பிடித்துப் பேசியதில்லை.

"அவரு சொன்னது நெசம். இந்தக் கரண்டு எங்க சின்னம்மா ரத்னம்மா கொல்ல வழியா வருது. ரெண்டு மரத்த வெட்டிக் குடுத்தாங்க. என் கடையத் தூக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு, எனுக்குச் சொல்லாம, என்னயே அனுப்பிக் கையெழுத்து வாங்கினாங்க. வாங்கனவன் நான். அத எல்லாருக்கும் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தான்.  பின்னால் யாரோ கேசரி கேட்டார்கள். விழா நடந்துவிட்டது. அன்றே நாலு கார் வந்ததாகவும் கேள்வி. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வரிசை நிற்கிறது, ஓட்டலுக்கும் நல்ல வியாபாரம். ஸ்ரீஹரி வளைவைத் தாண்டும்போது கார் ஜன்னலை ஏற்றிக்கொண்டு போகிறான்.

விழா முடிந்து ஒன்பதாம் நாள் ரத்னம்மா புல்லுக்கட்டோடு அந்த வழியாக வந்தாள். கட்டை இறக்கிவிட்டுப் புளிய மரத்தடியில் உட்கார்ந்தாள். அவன் தண்ணீர் மோந்து கொடுத்தான்.

"அந்த ஓட்டல்காரன் மொதல்லயே உள்ளத சொல்லிக் கேட்டிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

தங்கவேலு அதைத்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தான்.

"பத்தடி பின்னால எடம் குடுன்னு கேட்டிருப்பேன். குடுக்கலன்னாலும், அவங்க நைனா அப்பாவு மூஞ்சிக்காக உன்கிட்ட வந்துதான் இருப்பேன்."

ரத்னம்மா தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"இருபத்திரண்டு வருசம் உன் பக்கத்துலயே இருந்தவனுக்கு அது தெரியலியே" என்றாள்.

ஒரு லாரி ஓரம் கட்டியது. தங்கவேலு எழுந்து போனான்.