பந்து வராத ஓட்டம்

எங்கள் அணியில் பொய் சொல்லுவதுதான் என் வேலை. பகலெல்லாம் கொழும்புத் துறைமுகத்தில் கரி மூட்டை சுமப்போம். பொழுது சாய்ந்தால் கொட்டாஞ்சேனை மைதானத்தில் வெறுங்காலோடு உதைபந்து விளையாடுவோம். நான் இடது ஓரத்தில் லெப்ட் அவுட். ஜிந்துப்பிட்டியில் என் பக்கத்து வீட்டுக்காரன் எனக்கு உள்பக்கத்தில், லெப்ட் இன். அவன் காலில் பந்து இருக்கும்போது நான் "தா, தா" என்று கத்திக்கொண்டு கோட்டோரமாக மூலைக்கு ஓடுவேன். எதிரணியில் தடுத்தாடும் பேக் அதை நம்பி என் பின்னால் வருவான். அவன் விட்டுவந்த இடத்துக்குள் என் கூட்டாளி நுழைந்துவிடுவான். பந்து எனக்கு வந்துவிட்டால் காரியம் கெட்டது.

நன்றாக விளையாடுகிறவனைக் கம்பெனிகள் நிரந்தர வேலைக்கு எடுத்துத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளும் காலம் அது. ஒரு சனிக்கிழமை ஒரு கம்பெனித் துரை ஆள் பார்க்க வந்தார். ஒரேயொரு இடம்தான் என்று எல்லாருக்கும் தெரியும். நானோ அன்றாடங்காய்ச்சி. வீட்டில் மனைவி நிறைமாதம். அன்றைக்காவது பந்தை நிசமாகவே கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் கால் பழகின வழியிலேயே ஓடியது. கூட்டாளி இரண்டு கோல் போட்டான்.

துரை அவனை அழைத்தார். அவன் என்னையும் இழுத்துக்கொண்டு போய், துரைக்கு மொழிபெயர்க்கக் கூட நின்ற கிளாக்கரிடம், "இவன் ஓடுனதாலதான் எனக்கு வழி கெடச்சதுன்னு தொரகிட்ட சொல்லுங்கய்யா" என்றான்.

கிளாக்கர் சொன்னார். துரை சிரித்தார்.

"பந்தைத் தொடாதவனுக்கு என்னத்துக்கு வேலை எண்டு துரை கேக்கிறார்" என்றார் கிளாக்கர்.

யாரைத் திட்டுவது? துரைக்குக் கண் பந்தின் மேல்தானே.

கூட்டாளி காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கம்பெனிக்கு விளையாடப் போனான். ஒருநாள் போய்ப் பார்த்தேன். அங்கே ஐந்து முன்னாட்டக்காரரும் பந்து கேட்டு நின்றார்கள்; பந்தில்லாமல் ஓட ஒருவனும் இல்லை. எதிரணியில் இரண்டு பேர் அவன்மேல் ஒட்டிக்கொண்டு நிற்க, அவன் இலவு காத்த கிளியாய் நின்றான். ஆட்டப் பருவம் முடிவதற்குள், கோல் போடவில்லை என்று அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் திரும்பிவந்து, என் பக்கத்தில் குனிந்து கரி மூட்டையைத் தூக்கினான். அவனைக் கண்டால் சிரித்துவிடுவேன் என்று பயந்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. மூட்டைக்கு ஒரு கை கொடுத்தேன்.

"அங்க எனக்காக ஓட ஒருத்தனும் இல்ல மச்சான்" என்றான்.

அன்று மாலையும் நான் "தா, தா" என்று கத்திக்கொண்டு மூலைக்கு ஓடினேன். அவன் கோல் போட்டான். பார்க்க எந்தத் துரையும் வரவில்லை.