உட்கார்ந்தபடி கூவிய சேவல்

எங்கள் வீட்டுப் பெட்டைக்கோழி அந்த முறை பொரித்த குஞ்சுகளில் ஒன்றுக்குக் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து கிடந்தன. மற்றவை தாயின் பின்னால் முற்றத்துக்கு ஓடிவிட்டன. இது மட்டும் கூடைக்குள் இறக்கையை அடித்துக்கொண்டு, வயிற்றால் நீந்துவதுபோல் அசைந்தது. திரும்பி வந்த தாய் அதன் மேலேயே ஏறி நின்று கிளறியது. கோபத்தில் செய்ததாகத் தெரியவில்லை. அங்கே ஒரு குஞ்சு இருப்பதே அதன் கணக்கில் இல்லை.

என் கணவர் ஆற்றுக்குப் பக்கத்தில் குத்தகைக்கு வாழை போட்டிருக்கிறார். நான் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலையில் இருக்கிறேன். காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்தான் குஞ்சைக் கையில் எடுத்தேன். அவர் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"சவத்தப் போட்டுட்டுப் போ. அது நிக்காது. தாய்க்கே வேண்டாம்னு ஆயிட்டு, ஒனக்கு என்னத்துக்கு?"

"இருக்கட்டும். சாய்ங்காலம் வரைக்கும் இருந்தா பாப்போம்."

ஒரு டம்ளரில் பழைய துணியை அடைத்து, கால்கள் கீழே தொங்கும்படி அதை உள்ளே இறக்கிவிட்டுப் போனேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது போனில் தேடிப் பார்த்தேன். கால்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும், இறுக்கக் கூடாது, எலும்பு இளசாக இருக்கும்போதே செய்ய வேண்டும் என்று யாரோ ஒரு பெண் வீடியோவில் கட்டிக் காட்டினாள். கடையில் சேலைக்கு அடிக்கும் ஃபால்ஸ் துணியில் ஒரு துண்டு என் பைக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கிழித்து, இரண்டு கால்களுக்கும் நடுவே விரலளவு இடம் விட்டுக் கட்டினேன். குஞ்சு எழுந்து நின்றது. உடனே மூக்கு தரையில் இடிக்க விழுந்தது.

இடது கால் தேறியது. வலது கால் முட்டியிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்பியே நின்றது. ஒரு விடுமுறை நாளில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மாடும் ஆடும் நிற்கிற வரிசையில் ஒரு மஞ்சப்பையோடு நான் நின்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. முட்டியைத் தடவிப் பார்த்தார். "நரம்பு எடம் மாறிட்டும்மா. இனிமே நேராவாது. ஆனா வலி இருக்க மாதிரி தெரியல. இரை எடுக்குதுல்லா? அப்போ வளக்கலாம்" என்றார்.

வளர்க்கலாம் என்பது எளிதான சொல்லாக இருந்தது. வளர வளர எடை கூடியது. எடை கூடக் கூட அது உட்கார்ந்தே கிடந்தது. கூடப் பிறந்த சேவல்கள் இரண்டும் வந்து கொண்டையில் கொத்தின. எச்சம் பின்பக்கத்தில் ஒட்டிக் காயும். வெந்நீரில் கழுவ வேண்டும். நெஞ்செலும்பு தரையில் அழுந்தி அங்கே ஒரு புண் வந்தது. நான் காலையில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுவிட்டுப் போனால், மறுபடி பார்க்க இருட்டிவிடும். பகலில் அதைப் பார்க்க வீட்டில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

அவரிடம் நான் கேட்கவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று முற்றத்தில் தலைகீழாகக் கிடந்தது. அதன் நான்கு கால்களிலும் அவர் இடுப்பில் உடுத்தும் பழைய சாரத்தை ஏணைத் தொட்டில்போலக் கட்டியிருந்தார். துணியில் கால்களுக்கு இரண்டு ஓட்டை, பின்னால் எச்சத்துக்கு ஒன்று. அதற்குள் சேவல், பாதம் ஸ்டூலின் அடித்தட்டைத் தொட்டும் தொடாமலும், முன்னால் ஒரு கிண்ணத்தில் குருணையோடு உட்கார்ந்திருந்தது.

"யாரு செஞ்சா?"

"வேற யாரு இருக்கா இங்கன? புண்ணு நாறுது. அதான்." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்தத் துணிக்குள் இருந்துதான் அது முதன்முதலில் கூவியது. சேவல் கூவும்போது உடம்பையே தூக்கி நிமிர்த்தும். இதற்கு நிமிரக் கழுத்து மட்டும்தான் இருந்தது. பாதியில் உடைந்து, இருமல்போல் முடிந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வாழை காற்றில் சாயாமல் வெட்டுக்கு வந்தால் இரண்டு சேவல் தருவதாக அவர் சுடலைமாடனுக்கு நேர்ந்திருந்தார். கோயில் கொடைத் திருவிழா நெருங்கும்போது நல்ல சேவல்களில் ஒன்றை நாய் பிடித்துவிட்டது. அவருடைய அண்ணன் கொடைக்காக வந்திருந்தார். முற்றத்தில் நின்று ஸ்டூலைப் பார்த்தார்.

"இன்னொண்ணு இங்கன கெடக்குல்லா?"

"சாமிக்கு நொண்டி ஆவாது" என்றார் இவர்.

"சாமிக்கு வேண்டாம். சந்தையில ஒண்ணு வாங்கி விட்டுருவோம். இத விருந்துக்கு அறுப்போம்லே. சொந்தக்காரங்க அத்தன பேரு வாராவ. சும்மா கெடந்து தின்னுக்கிட்டு இருக்கு."

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அண்ணன் கேட்டது நியாயமில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. கோழியை நாங்கள் அதற்குத்தான் வளர்க்கிறோம்.

என் கணவர் கிண்ணத்தில் ஒரு பிடி குருணையை அள்ளிப் போட்டார். பிறகு, "அது கறிக்கு ஆவாதுண்ணே. ஆஸ்பத்திரி ஊசி போட்டுக் கெடக்கு. மருந்து உடம்புல நிக்கும்னு டாக்டரு சொல்லிருக்காரு. சின்னப் பிள்ளையளும் திங்கும்லா" என்றார்.

ஊசி எதுவும் போடவில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவும் இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கொடையன்று மற்ற சேவலும் சந்தையில் வாங்கியதும் கோயிலுக்குப் போயின. குழம்பு வைத்தேன், எல்லாரையும்போல நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. ஒன்றைத் துணியில் ஏந்தி வைத்துவிட்டு இன்னொன்றைத் தின்கிறோமே என்ற நினைப்பு கைகழுவும்போது வந்தது.

அவர் நொண்டிச் சேவலைப் பார்த்துக்கொள்ளும் விஷயம் தெருவில் பரவியிருந்தது. அடுத்த தெருப் பெண் ஒருத்தி, கால் விரிந்த குஞ்சு ஒன்றை முந்தானையில் பொதிந்துகொண்டு வந்தாள். "மதினி, அண்ணாச்சிகிட்ட குடுத்தா சரியாக்குவாவன்னு சொன்னாவ." பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அவரே கட்டுப்போட்டார். அந்தத் தடித்த விரல்கள் அவ்வளவு பைய அசைந்து நான் பார்த்ததில்லை. ஒரு வாரத்துக்குள் குஞ்சு ஓடியது. அவள் வந்து வாங்கிக்கொண்டு போனாள். பிறகு அது என்ன ஆனது என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

எங்கள் சேவல் இரண்டு மழைக்காலம் இருந்தது. பங்குனியில் ஒரு நாள், கடையிலிருந்து வந்தபோது ஸ்டூல் நிமிர்ந்து நின்றது. சாரத்தைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்.

"எப்போ?"

"மத்தியானம். காலையில குருணை தின்னுச்சு. பெறவு தலைய சாச்சுட்டு."

"எங்கன வச்சீங்க?"

"வாய்க்கா ஓரம்." கொஞ்சம் கழித்து, "சோறு போடு" என்றார்.

அதை வைத்திருந்தது அதற்காகவா, எங்களுக்காகவா என்று சில சமயம் யோசிப்பேன். விரும்பிய இடத்துக்கு அது ஒரு நாளும் நடந்து போனதில்லை. ஆனால் காலை வெயில் முற்றத்தில் விழும்போது ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால், இறக்கையை ஒரு பக்கம் விரித்து, கண்ணை மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் அதற்கு எதுவும் குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.