ஞாயிற்றுக்கிழமை காட்டிய வீடு

வீட்டை விற்க எனக்கு இரண்டு புரோக்கர்கள் கிடைத்தார்கள். ஒருவர் யோக்கியர். அதனாலேயே அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்தெருவில் இருந்தது எங்கள் வீடு. நானே கூட நின்று கட்டியது. காற்று, வெளிச்சம், மாடிப்படி எதிலும் குறை சொல்ல முடியாது, போர் தண்ணீரைத் தவிர. உப்பென்றால் அப்படியொரு உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வெள்ளை வேட்டி நாலு துவையலில் பழுப்பாகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். அந்தக் கேனைத் தூக்கித் தூக்கியே என் மனைவிக்கு முதுகுவலி வந்தது. நான் ரிட்டயர் ஆனதும், மகள் இருக்கும் வேலூருக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தோம். அதற்கு இந்த வீடு நல்ல விலைக்குப் போக வேண்டும்.

முதலில் வந்தவர் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒரு பாய். அறைகளைப் பார்ப்பதற்கு முன்பே சமையலறைக் குழாயைத் திறந்தார். ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

"தண்ணி விஷயத்தை மொதல்லயே சொல்லிடுவேன் சார். அப்புறம்தான் வூட்டைக் காட்டுவேன். வெல கொஞ்சம் கம்மியாதான் வரும். ஆனா நாளைக்கு யாருக்கும் பேஜார் இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் போன பிறகு, "இந்தத் தெருவுல எந்த வூட்டுத் தண்ணி தித்திக்குதாம்?" என்று மனைவியிடம் கத்தினேன். பாவம், அவளா துப்பினாள்?

இரண்டாமவர் இஸ்திரி கலையாத சட்டையோடு புல்லட்டில் வந்தார். குழாய்ப் பக்கமே போகவில்லை.

"ஞாயித்துக்கெழம காட்டலாம் சார். ஷாப் லீவு, வாடை ஜாஸ்தி இருக்காது. சனிக்கெழம டேங்கைக் காலி பண்ணிட்டு, லாரித் தண்ணி ஒரு லோடு ஏத்திடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

இவர்தான் தொழில் தெரிந்தவர் என்று எனக்குப் பட்டது. சனிக்கிழமை லாரிக்குப் போன் செய்தது நான்தான். மொட்டை மாடியில் நின்று, டேங்க் வழிய வழிய நிரம்பியதைப் பார்த்ததும் நான்தான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் கலவை ஊர்ப் பக்கத்து இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். இரண்டு பேருக்கும் இங்கே ஷூ கம்பெனியில் வேலை. ஊரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குக் குடியாத்தம் ரோட்டில் வேறொரு வீடு பிடித்துப்போயிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் கடனே என்று நின்றான். அவள்தான் குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து, இரண்டு வாய் குடித்தாள்.

"ஏங்க, நம்ம ஊருத் தண்ணி மாதிரியே இருக்குதுங்க. புள்ளைக்கு ஒண்ணும் கவலையில்ல. இதையே வாங்கிக்கலாம்."

அப்புறம் என்னிடம் திரும்பி, "போர் எத்தனை அடிங்கண்ணா?" என்றாள்.

"முந்நூறு அடிம்மா."

"வெயில் காலத்துல வத்துமா?"

"இதுவரைக்கும் வத்தினதில்லம்மா."

இரண்டும் உண்மை. அன்று நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அன்றைக்கு அதை ஒரு பெருமையாகவே நினைத்தேன். புரோக்கர் அவள் முதுகுக்குப் பின்னால் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நானும் சிரித்தேன்.

பத்திரம் பதிவானது. நாங்கள் வேலூருக்கு வந்துவிட்டோம். இங்கே தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. மனைவி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

அவர்கள் அங்கே குடிபோய் ஒரு மாதம் இருக்கும். அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. ஏமாற்றிவிட்டாயே என்று கிழிக்கப்போகிறாள் என்றுதான் எடுத்தேன். கிழித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அண்ணா, தண்ணி உப்பு கரிக்குதுண்ணா. புள்ளையக் குளிப்பாட்டுனா மேலெல்லாம் செவந்து போவுது. நீங்க இருந்தப்ப நல்லா இருந்துச்சு. நாங்க மோட்டாரைத் தப்பாப் போட்டு போரைக் கெடுத்துட்டமா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பிடிம்மா. தெளிஞ்சிடும்" என்றேன். அவள் கேட்காமல் விட்டதற்குப் பின்னால் அதுவரை ஒளிந்துகொண்டிருந்தவன், அன்று நேராகவே பொய் சொன்னேன்.

"அப்படியே பண்றேண்ணா. எங்க வூட்டுக்காரரு தெனம் திட்டுறாரு. நீதான ஆசப்பட்டு இந்த வூட்டை எடுத்தன்னு. நான்தான் எதோ கெடுத்துட்டேன்போல. உங்களுக்கு வேற தொல்ல குடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணா."

"பரவால்லம்மா" என்று நான் அவளை மன்னித்தும் விட்டேன்.