பின் பிரேக்கை மிதித்துப் பிடித்தவர்

சில வருடங்களுக்கு முன், ஆடி அமாவாசை அன்று காலை, மானிப்பாயிலிருந்து அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இறந்துபோன ஐயாவுக்காக, என் தகப்பனுக்காக, நான் விரதம் பிடிக்கத் தொடங்கிய முதல் வருடம் அது. தோட்டங்களில் கூலிக்கு நின்று, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக என்னைப் படிப்பித்தவர். மதியத்துக்கு முன் கடலில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும்.

சண்டிலிப்பாய் தாண்டியதும் முன்னால் போன பஸ் நின்றது. பின் பிரேக்கை மிதித்தேன். கால் அப்படியே கீழே போனது. முன் பிரேக்கில் ஒருவாறு நிறுத்திவிட்டேன். அம்மா உடனே இறங்கித் தெருவோரம் போய் நின்றுவிட்டார். அவரை வைத்துக்கொண்டு அப்படியே ஓட்ட எனக்கும் மனம் வரவில்லை.

இறங்கிப் பார்த்தேன். ஒழுக்கு இல்லை, பிரேக் கட்டை தேயவில்லை, ஒயிலும் மட்டத்தில் இருந்தது. தொடர்ந்து மிதித்தால் கொஞ்சம் இறுகியது. விட்டால் மறுபடி பஞ்சு மாதிரி. அந்தக் கிழமைதான் பிரேக் குழாய் மாற்றியிருந்தது. உள்ளே காற்று நிற்கிறது என்று விளங்கியது. மிஞ்சிய ஒயிலும் ஸ்பனரும் பையில் இருந்தன. ஆனால் ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகாணியைத் திறந்துதான் காற்றை எடுக்கலாம். அம்மாவின் முழங்கால் அதற்கு இடம் தராது.

மாதகல் பக்கமிருந்து மீன் பெட்டியோடு வந்த ஒருவர் நிறுத்தி, விஷயத்தைக் கேட்டறிந்தார். கழுத்தில் சிலுவை. அம்மாவின் கையிலிருந்த பூசைச் சாமான்களைக் கண்டதும், பெட்டியோடு தன் சைக்கிளைத் தூரத்தில் விட்டுவிட்டு வந்தார்.

"விரதகாரர். என்ரை மீன் கை படக்கூடாது தம்பி. கால் பரவாயில்லையோ?"

"எனக்கு வேண்டியதே கால்தான் அண்ணை. நான் திருகாணியைப் பூட்டி முடிக்குமட்டும் காலை எடுத்திடாதேங்கோ."

"வாத்தியார் மாதிரி வெருட்டுறாய். சரி, மிதிச்சிட்டன், திற!"

துணியைச் சுற்றிப் பிடித்துத் திறந்தேன். ஒயிலோடு குமிழ்கள் நுரைத்து வந்தன. பூட்டினேன். ஒயில் விட்டு நிரப்பினேன். மறுபடி மிதித்தார். வெயில் ஏற, அவருடைய பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்து தெருவில் ஒழுகியது. அவர் அவசரப்படவேயில்லை. கடைசியில், "இப்ப கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

"உம்மடை ஐயா இருக்கிறாரோ தம்பி?" என்று அம்மா அவரைக் கேட்டார்.

"கடலுக்குப் போனவர் அம்மா. வரேல்லை. உடம்பும் கிடைக்கேல்லை."

அம்மா கையிலிருந்த எள்ளுப் பொதியைப் பார்த்தார். "பேரைச் சொல்லும். இவன் தண்ணி விடேக்கை அவருக்கும் விடட்டும். உங்கடை ஆக்கள் கோவிப்பினமோ?"

அவர் பெட்டிக் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "விடச் சொல்லுங்கோ. அந்தக் கடல்தானே" என்று பெயரைச் சொன்னார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐயர் பெயர் கேட்டபோது இரண்டு பெயர்களைச் சொன்னேன். அவர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டையும் மந்திரத்தில் சேர்த்துச் சொன்னார்.

தன் தகப்பனுக்கு மெழுகுதிரி கொளுத்த ஒரு கல்லறைகூட இல்லாதவர், என் தகப்பனிடம் நான் பிந்திப் போகக்கூடாது என்று வெயிலில் நின்றார். இன்றும் ஆடி அமாவாசைக்குக் கடலில் இறங்கும்போது, நான் ஒருவருக்கு மட்டும் பிள்ளையாக நிற்பதில்லை.