ஏழாம் மனையும் ஒரு வரத்துக்காலும்

வெறும் பொட்டலில் சாலை போட்டு, தண்ணீரும் கரண்டும் கொண்டுவந்து, "வாருங்கள், தொழில் தொடங்குங்கள்" என்று கூப்பிடுவது என் உத்தியோகம். அரசு நிதியோடு மல்லுக்கட்டிய சக பாவிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மார்ச் முடிவதற்குள் வேலை முடியாவிட்டால் பணம் வந்த வழியே திரும்பிவிடும்.

சுண்ணாம்புக் கோடு

திசையன்விளைப் பக்கம் தொழிற்பேட்டை. முதலில் மனு போட்டவர் பாத்திமா. முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கும் மெஷினை இடம் கிடைக்கும் முன்பே வாங்கி, வீட்டு முன்னறையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, "இதுதான் உங்கள் ஏழாம் மனை" என்றேன். கோட்டின் நான்கு பக்கமும் விறுவிறுவென்று நடந்தார். எனக்கே உற்சாகம் தொற்றிக்கொண்டது.

"காத்து எங்கன இருந்து அடிக்குன்னு பாத்துச் சொல்லுங்க சார், காயப்போட்ட எல பூரா பறந்துரப்பிடாது."

ஐப்பசி மழை

மனைகளுக்கு நடுவே, ஏழாம் மனையை ஊடறுத்துக்கொண்டு ஒரு பள்ளம் ஓடியது. வரைபடத்தில் அது இல்லை. மண்ணடித்து அதைத் தூர்த்தேன்; நிலம் பலகை மாதிரி ஆனதைப் பார்த்துப் பூரித்துப்போனேன். ஐப்பசியில் இரண்டே நாள் மழை. ஏழாம் மனையில் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்துக் குளமோ காய்ந்து கிடந்தது. மழையை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு நின்றேன். குளத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கும் செல்லத்துரை அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார்.

"குளத்துக்கு வரத்துக்கால் இதுதான். இதத் தூத்துப்போட்டு மழைய வையுதீரே வே. தண்ணிக்கு வழி தெரியும், உமக்குத்தான் தெரியல."

பாதி மனை

கால்வாயைத் திரும்ப வெட்டினால் ஏழாம் மனையில் பாதி போய்விடும். மற்ற மனைகளெல்லாம் ஒதுக்கியாகிவிட்டது. பாத்திமா பின்வாங்கினால் புது மனு, புது ஆள், அதற்குள் மார்ச் போய்விடும். அவர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அவர் தார்ப்பாயை விலக்கி, மெஷினின் நீள அகலத்தை முழம் போட்டு அளந்தார். ஷெட்டை நீளவாக்கில் கட்டிக்கொள்வதாகச் சொன்னார். எழுந்து குதிக்கலாம்போல இருந்தது எனக்கு. உங்களுக்கு வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"குளம் நெறைஞ்சாத்தான கெணத்துல தண்ணி, தண்ணி இருந்தாத்தான முருங்க? எல இல்லாம மெஷின வச்சு நான் என்ன செய்ய சார்?"

மார்ச் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, திரும்ப வெட்டிய கால்வாயின் கரையில் அந்த மெஷின் ஓடியது. பச்சைப் பொடி படிந்த சட்டையைத் துவைக்கவே எனக்கு மனம் வரவில்லை. இப்போதெல்லாம் எந்த ஊர்ப் பொட்டலுக்குப் போனாலும், வரைபடத்தை விரிக்கும் முன்பே குளம் எங்கே என்று விசாரித்துவிடுகிறேன், இதற்கு அரசு தனிப் படி எதுவும் தராவிட்டாலும்.