பார்க்காத பனைமரத்தைப் பற்றி நான் நடத்திய பாடம்

ஆசிரியராவதற்கு முதலில் வேண்டியது அறிவு என்று நினைத்துத்தான் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் சனிக்கிழமையே அது தப்பு என்று தெரிந்துபோயிற்று. முதலில் வேண்டியது கோட்டு.

வார நாட்களில் பினாங்குப் பட்டணத்துத் தமிழ்ப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பைக் கட்டி மேய்ப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் அதே கட்டடத்தில், என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கு ஆசிரியப் பயிற்சி. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சென்னைப் பக்கத்திலிருந்து வந்த தலைமையாசிரியர். அந்தப் புழுக்கத்திலும் கோட்டின் எல்லாப் பொத்தான்களும் போட்டிருக்க வேண்டும் என்பார். வெற்றிலை போட்ட வாயோடு வகுப்புக்குள் வரக்கூடாது. நாற்காலி இருக்கும், அதில் உட்காரக் கூடாது. பிள்ளைகளை ‘டேய்’ போட்டுக் கூப்பிடக் கூடாது. ஆசிரியர் சிரிக்கலாம், சிரிப்பு மூட்டக் கூடாது. இந்தக் கடைசி விதி நான் சேர்ந்த பிறகுதான் ஏற்பட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதன் கடைசிப் பக்கத்தில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம். அதில் தலைமையாசிரியர் ‘திருப்தி’ என்று எழுதினால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பதினொரு பேருக்குத் திருப்தி விழுந்துவிட்டது. என் கட்டம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அது நிரம்பாவிட்டால் மாமாவின் மளிகைக் கடையில், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் தயார். மாமா அந்த இடத்தை ஆசையோடு பெருக்கி வைத்திருந்தார்.

எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு குறைகாண் பாடம். அதாவது, ஒருவர் தம் வகுப்புப் பிள்ளைகளை வரவழைத்துப் பாடம் நடத்துவார். மற்றப் பதினொரு பேரும் பின்னால் நின்று அவருடைய குறைகளை எழுதுவார்கள். ஒருவரையொருவர் பகைத்துக்கொள்ளாமல் இருக்க எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ‘கரும்பலகை எழுத்து சிறியது’, ‘குரல் சற்றுத் தாழ்வு’ இந்த இரண்டையும் தாண்டி யாரும் எழுதுவதில்லை. ஒருமுறை தொண்டை கிழியக் கத்திய ஒருவருக்கும் ‘குரல் சற்றுத் தாழ்வு’ என்றே எழுதினோம்.

பாடத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு. சென்னையில் அச்சான ஒரு கையேட்டிலிருந்து யாரோ எப்போதோ நகலெடுத்த பாடக் குறிப்புகள் எங்களிடையே கைமாறி வந்தன. எனக்குக் கிடைத்தது பனைமரம். நானோ பினாங்கிலேயே பிறந்தவன். பனங்கற்கண்டு தின்றிருக்கிறேன், பனையைக் கண்டதில்லை. அதனால் என்ன, குறிப்பை உருப்போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை பொத்தான்களைப் போட்டுக்கொண்டு பனையின் பயன்களை அருவியாகக் கொட்டினேன். தலைமையாசிரியரின் தலைகூட இரண்டு முறை அசைந்தது. அந்த உற்சாகத்தில் சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு மரத்தை வரைந்தேன். நெட்டையாக, சற்று வளைந்து, உச்சியில் நீள நீளமாய்க் கீற்றுகள். அழகான மரம்.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். சில மாதங்களுக்கு முன்புதான் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவள்.

“சார், அது தென்ன மரம்.”

வகுப்பின் பின்னால் பதினொரு பென்சில்கள் நின்றன. பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று சொன்ன அன்றைக்கே ஆசிரியர் கோட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது தலைமையாசிரியர் அடிக்கடி சொல்வது. ஆகவே சிறிதும் தயங்காமல், இது இளம் பனை, வயதானால் வேறு மாதிரி ஆகும் என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். தன் சிலேட்டைப் பார்த்தாள். அதில் அவள் வரைந்திருந்த மரம் என்னுடையதைப் போல இல்லை. உச்சியில் விசிறி விசிறியாக இருந்தது. எச்சில் தொட்டு அதை அழிக்கத் தொடங்கினாள். பாதி மரம் போய்விட்டது.

நான் ஆயிரம் பொய் சொன்னவன்தான். ஆனால் என் பொய்யை நம்பி ஒருவர் தாம் கண்ணால் பார்த்ததை அழிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

“அழிக்காதம்மா,” என்றேன். “நான் பனைமரத்தப் பாத்ததே இல்ல. நீ சொன்னதுதான் சரி. வா, வந்து போர்டுல வரஞ்சு காட்டு.”

அவள் வந்தாள். கை எட்டாததால், நான் உட்காரக் கூடாத நாற்காலியின் மேல் ஏறி நின்று வரைந்தாள். ஓலையில் விசிறி செய்வது எப்படி, நுங்கைக் கட்டைவிரலால் நோண்டுவது எப்படி என்று சொல்லிக்கொண்டே போனாள். வகுப்பு வாயைப் பிளந்தது. நான் சொன்ன பயன்களுக்கு யாரும் அப்படிப் பிளக்கவில்லை.

பிள்ளைகள் போனதும் விசாரணை. பத்துப் பேர் ஏற்பாட்டின்படி என் எழுத்தையும் குரலையும் குறை சொன்னார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து ரயிலும் படகும் ஏறி வரும் நண்பன் மட்டும், “இவரு எங்கலா பாடம் நடத்துனாரு? கேட்டுக்கிட்டில்ல இருந்தாரு,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை.

“பொய் சொன்னீர். அது குறை,” என்றார். பிறகு மீசையைத் தடவினார். “அதைத் திருத்திக்கொண்டீர். அதை எந்தக் குறையில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.”

அவர் வாயிலிருந்து ‘தெரியவில்லை’ என்ற சொல் வந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் பதிவேட்டை மூடினார். அடுத்த சனிக்கிழமை மறுபாடம். கண்ணால் பார்த்த பொருளைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டும்.

மறுநாளே சைக்கிளில் மலையேறி இறங்கி, தீவின் அந்தப் பக்கத்திலுள்ள பாலிக் புலாவ் போனேன். ஏற்றத்தில் பாதி வழி சைக்கிள்தான் என்மேல் ஏறி வந்தது. ஒரு சாதிக்காய்த் தோட்டத்துக்காரர் மரத்தடியில் உட்கார வைத்துக் காயைப் பிளந்து காட்டினார். கொட்டையைச் சுற்றியிருந்த பத்திரி ரத்தச் சிவப்பாக மின்னியது. ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பே சாதிக்காயாக மணத்தது. பிள்ளைகள் முகர்ந்தார்கள், நக்கினார்கள், முகம் சுளித்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பையன் ஒருவன் எழுந்தான். அவன் அப்பா செடிகொடி பார்த்துக்கொள்ளும் வேலை செய்யும் பங்களாவில் ஒரு சாதிக்காய் மரம் நன்றாக வளர்ந்தும் காய்ப்பதே இல்லையாம். ஏன் என்றான்.

பின்னால் பென்சில்கள் நின்றன.

“தெரியலப்பா,” என்றேன். “கேட்டுட்டு வந்து திங்கக்கெழம சொல்றேன்.”

தலைமையாசிரியர் இருமினார். வகுப்பு முடிந்ததும் பதிவேட்டை வாங்கி, நின்றுகொண்டே எழுதினார். வெளியே வந்துதான் திறந்து பார்த்தேன். ‘திருப்தி.’ அதன் கீழே சிறிய எழுத்தில், ‘விடை கண்டு சொல்லப்பட வேண்டும்.’

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்த மலை. தோட்டத்துக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். கேள்வியைக் கேட்டதும் இன்னும் சிரித்தார். சாதிக்காயில் ஆண் மரமும் உண்டு, அது பூக்கும், காய்க்காது என்றார்.

திங்கட்கிழமை கால்கள் இரண்டும் விறைத்துப்போய், ஆமை மாதிரி பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பு மொத்தமும் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“சார், கேட்டீங்களா?”

கேட்டுவிட்டேன் என்றேன். என்னைவிட வேகமாக அவர்கள் வகுப்புக்குள் ஓடினார்கள்.